தாரா வேட்டைக்குப் படகு பார்த்த கதை

லண்டனுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. மகளை மறிக்கப் போனேன். அவளிடம் சொல்ல வேண்டியதை விமானத்தில் உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த நீர்கொழும்புப் பெண், "பயமா அக்கா? நானும் ஜெபம் சொல்லிக்கொண்டுதான் வாறன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொல்லிக்கொண்டிருந்தது ஜெபமல்ல, சண்டை. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

என் மகள் ஆரணி கிழக்கு லண்டனில் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். மற்றவர்களின் பிள்ளைகள் விடுமுறைக்கு பாரிஸ் போவார்கள், மலை ஏறுவார்கள். இவள் வேலைத்தலத்துச் சிநேகிதி ஒருத்தியோடு போய், தேம்ஸ் ஆறு கடலில் சேரும் சேற்றுப் பரப்புகளில் தாரா சுடப் பழகிவிட்டாள். வாத்துக்கு எங்கள் யாழ்ப்பாணத்துப் பெயர் தாரா. பொலிஸ் வீட்டுக்கு வந்து விசாரித்துக் கொடுத்த அனுமதி, வேட்டைச் சங்க உறுப்புரிமை, எந்தப் பறவையைச் சுடலாம் எதைச் சுடக்கூடாது என்ற படிப்பு, எல்லாம் ஒழுங்கு. ஒழுங்கில்லாமல் இருந்தது படகு மட்டும்.

நான் போவதற்கு முந்திய மாதம் அது கவிழ்ந்தது. பழசாக வாங்கிய ஒடுங்கிய படகு. கடல்நீர் வேகமாக ஏறும் நேரம். கரையில் நின்ற சிநேகிதி கூப்பிட்டு மீட்புப் படகு வந்தது. வந்தது, ஆரணியைக் கடந்து போனது, திரும்பி வந்து மறுபடியும் கடந்து போனது. அவள் கவிழ்ந்த படகின் முதுகைக் கட்டிப்பிடித்தபடி கிடந்திருக்கிறாள். படகு சேற்று நிறம். உடுப்பு சேற்று நிறம். தொப்பியும் தண்ணீரும் அதே நிறம். தாராவின் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கச் செய்த ஏற்பாடு மனிதர்களின் கண்ணையும் ஏமாற்றிவிட்டது. கடைசியில் சட்டைக்குள் இருந்த புட்டுப் பெட்டியின் வெள்ளை மூடியைக் கழற்றித் தூக்கி ஆட்டினாளாம். அதைத்தான் கண்டார்கள். என் பிள்ளையின் உயிர் ஒரு பிளாஸ்ரிக் மூடியில் தொங்கியது என்பதை இதை எழுதும்போதும் என்னால் விழுங்க முடியவில்லை.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் அவளுடைய சின்ன வீட்டில் பெட்டியை இறக்கினேன். ஒத்திகை பார்த்த பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே அவள், "அம்மா, நான் எல்லாத்தையும் விக்கப் போறன். நீங்க ஒண்டும் சொல்லத் தேவையில்லை" என்றாள். வந்த காரியம் வாசலிலேயே முடிந்துவிட்டது. நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தேன்.

மறுநாள் காலை இருவரும் கடைக்கு நடந்தோம். கண்ணெதிரே ஒரு சின்னப் பாலம். அதன் மறுகரையில் கடையின் பெயர்ப்பலகைகூடத் தெரிகிறது. இவளோ என்னை இடப்பக்கம் திருப்பி, வாகன இரைச்சலுக்குள்ளால், ஒரு பெரிய வட்டம் சுற்றிக் கூட்டிப்போனாள். எனக்கு முழங்கால் வலி.

"ஏன் பிள்ளை இப்பிடிச் சுத்திறாய்? பாலம் முன்னாலதானே இருக்கு?"

"அதுக்குக் கீழ தண்ணி, அம்மா."

ஆறு என்று சொல்லவும் வெட்கப்பட வேண்டிய ஒரு வாய்க்கால் அது. அதன் மேலால் நடக்க என் மகளால் ஏலவில்லை. வேலைக்கும் இப்படித்தான் சுற்றிப் போகிறாளாம். ஷவரில் நிற்கும்போது கதவைத் திறந்து வைக்கிறாளாம்.

நான் ஊரில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஒரு பயத்துக்கு இடம் கொடுத்தால் அது அடுத்த அறைக்கும் சாவி கேட்கும் என்பதைப் பாடப்புத்தகத்திலிருந்து படிக்கவில்லை. யுத்தம் முடிந்த பிறகும் பயணம் போகாதவர்கள், பின்பு சந்தைக்குப் போகாதவர்கள், பின்பு வீட்டுப் படலையைத் தாண்டாதவர்கள் என் தெருவிலேயே இருந்தார்கள். பாண் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவளைப் பாலத்துக்கு இழுத்துப் போக நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நானும் சுற்றியே நடந்தேன். ஆனால் நிம்மதி போய்விட்டது.

அன்று பின்னேரம் செவன் கிங்ஸில் என் தம்பி வீட்டில் சாப்பாடு. தம்பி சுவிஸில் பல காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து சமையல் பாத்திர வியாபாரம் செய்கிறான். மட்டன் ரோல்ஸ், இடியப்பம், சொதி, பொரித்த கத்தரிக்காய். அவன் மனைவி நான் மறுத்தாலும் சாப்பாட்டுக் கோப்பையை நிரப்பிக்கொண்டே, "நீங்க வந்தது நல்லதாப் போச்சு மச்சாள். பொம்பிளைப் பிள்ளைக்குத் துவக்கு எதுக்கு? நாளைக்கு ஒரு சம்பந்தம் வந்தால் என்ன சொல்லுறது?" என்றாள்.

தம்பி கரண்டியை ஆட்டினான். "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். இவள் தேடிப் போய்த் துவக்குத் தூக்கிறாள். இனிப் போதும் அக்கா. வீட்டில இருக்கட்டும்."

ஆரணி தலை நிமிராமல் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னது நான் விமானத்தில் ஒத்திகை பார்த்த அதே வசனம். இன்னொருவர் வாயில் கேட்டபோது எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

"போன மாரியில இவள் கொண்டுவந்த தாராக்கறியை நீ ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டனி. எலும்பு சூப்பிற வீடியோ எனக்கு வந்தது. அப்ப துவக்கு ஞாபகம் வரேல்லையோ?"

"அக்கா, அது வேற..."

"நாளைக்கு நானும் இவளும் படகு பாக்கப் போறம். புதுப் படகு."

என்னை அறியாமல் சொல்லிவிட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அறிந்துதான் சொன்னேன். ஆரணி நிமிர்ந்து, "அம்மா, உங்களுக்கு விசரோ?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை. தண்டவாளத்தில் வேலை, ரயிலுக்குப் பதில் பஸ் விட்டிருந்தார்கள். அந்த பஸ் எசெக்ஸின் ஒவ்வொரு சின்ன நிலையத்துக்குள்ளும் புகுந்து, திரும்ப இடமில்லாமல் பின்னால் ஊர்ந்து வெளியே வந்தது. ஒரு சந்தியில் சாரதி இறங்கிப் போய்ப் பூக்கடைக்காரியிடம் வழி கேட்டார். "எங்கட ஊர் மினிபஸ் பரவாயில்லை, பாட்டாவது போடுவான்" என்றேன். மகள் கனநாளுக்குப் பிறகு சிரித்தாள்.

படகு விற்பவரின் பெயர் கென். கடல்நீர் வந்து போகும் ஒரு சேற்றுக் கழியோரம் தகரக் கொட்டகை. அதற்குள் கவிழ்த்து வைத்த படகுகள். இரண்டு பாண் துண்டுகளுக்கு நடுவில் உருளைக்கிழங்குப் பொரியலை அடுக்கிக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். மாவுக்குள் மாவு, ஆனால் அந்தக் குளிருக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

தாரா வேட்டைப் படகுக்கு அடி தட்டையாக இருக்க வேண்டும்; முழங்காலளவு தண்ணீரிலும் சேற்றில் தட்டாமல் போக வேண்டும். மூன்று படகுகள் காட்டினார். ஒன்று அலுமினியம்: இலேசு, ஆனால் ஒரு செருப்புப் பட்டாலே கோயில் மணிபோல் அடிக்கிறது. மற்றது நீண்டு தாழ்ந்த படகு: உள்ளே மல்லாந்து படுத்தால் தண்ணீரோடு தண்ணீராய்ப் போகலாம். ஆரணியின் கண் அதில்தான் நின்றது. கவிழ்ந்ததும் அந்த வகைதான். மூன்றாவது அகலமான கண்ணாடியிழைப் படகு. பார்வைக்கு மாட்டுத் தொட்டி.

"இதற்குள் தண்ணீரை நிரப்புங்கள்" என்று நீளப் படகைக் காட்டிக் கென்னிடம் சொன்னேன்.

"அம்மணி, தண்ணீர் வெளியே இருக்க வேண்டும் என்பதுதான் இந்தத் தொழில்."

"வெளியே இருக்கும்போது எல்லாப் படகும் நல்ல படகுதான். உள்ளே வந்த பிறகு எது நல்லது என்று பார்க்கவே நான் இவ்வளவு தூரம் வந்தேன்."

"அம்மா, ப்ளீஸ்" என்றாள் மகள். கென் பாணை வைத்துவிட்டு எழும்பினார். பிறகு நீளப் படகையும் மாட்டுத் தொட்டியையும் கழிக்குள் இறக்கி, கயிற்றில் கட்டி, குழாயைத் திறந்துவிட்டார். நீளப் படகு விளிம்புவரை அமிழ்ந்து, கென் ஒரு விரலை வைத்ததும் புரண்டது. மாட்டுத் தொட்டி நிரம்பியும் நிமிர்ந்தபடியே நின்றது. இருக்கைகளுக்குக் கீழே நுரைக்கட்டி அடைத்து மூடியிருக்கிறார்கள்.

"இது வடிவில்லை அம்மா. தூரத்திலேயே தெரியும்."

"வலை போட்டு மூடு. புல்லுச் செருகு. ஆனா இதுதான்."

அவள் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கழியில் இடுப்பளவு தண்ணீர்கூட இல்லை. அவளோ ஓரத்திலிருந்து நாலடி தள்ளியே நின்றாள். கென் தண்ணீரை இறைத்து முடித்ததும் நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகுக்குள் இறங்கி, நடு இருக்கையில் இருந்துவிட்டேன். நீந்தத் தெரியாது. படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, ஏறுங்கோ வெளியால."

"ஏலாது. முழங்கால் பிடிச்சிட்டுது. நீ வந்து தூக்கு."

அது பொய் என்று அவளுக்குத் தெரியும். கென்னுக்கும் தெரிந்திருக்க வேண்டும். உதவிக்கு வராமல் தன் பாணைத் தேடிப் போய்விட்டார். ஆரணி ஓரத்துக்கு வந்தாள். பிறகு ஒரு காலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். படகு கொஞ்சமும் சரியவில்லை. என் எதிரே வந்து இருந்து என் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்தாள். யார் யாரைத் தூக்க வந்தது என்பது இருவருக்கும் மறந்துபோனது.

திங்கட்கிழமை படகுக்குச் சாமான் சேர்த்தோம். சேற்றுக்குள் புதையாமல் ஊன்றித் தள்ள நுனியில் தட்டு வைத்த நீளக் கழி, துடுப்பு நழுவாமல் கட்டும் கயிறு, சின்ன நங்கூரம், தண்ணீர் புகாத பெட்டி, கையடக்க வானொலி. இவற்றை எல்லாம் கென்னின் கொட்டகைக்கே அனுப்பச் சொல்லிவிட்டோம். உயிர்காப்புச் சட்டையை மட்டும் நான் கையில் எடுத்துக்கொண்டேன். மடித்திருக்கும்போது தோள்பட்டி போல மெலிசு. தண்ணீரில் விழுந்தால் தானே காற்றடைத்து ஊதிக்கொள்ளும்.

வழியில் ஈஸ்ட் ஹாமில் இறங்கினோம். ஹை ஸ்ட்ரீட்டில் மீன் பார்த்தால் எனக்குக் கால் நகராது. நல்ல விளைமீன். கடைக்காரர் ஐஸ் அள்ளிப் போட்டுக் கட்டித் தந்தார். கையில் பை ஒன்றுதான். மீனை உயிர்காப்புச் சட்டைக்கு மேலே வைத்தேன்.

பார்க்கிங் போகும் பஸ்ஸில் பாதி வழி போயிருப்போம். காலடியில் 'டப்' என்று ஒரு வெடி. பிறகு சீறல்.

நான் என்ன செய்தேன் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். மகளின் தலையைப் பிடித்து மடிக்குள் அமுக்கி, அவள் மேல் கவிழ்ந்து படுத்துவிட்டேனாம். கண்ணைத் திறந்தபோது பைக்குள்ளிருந்து பளீரென்ற மஞ்சளில் ஒன்று வீங்கி வீங்கி எழும்பிக்கொண்டிருந்தது. அதன் உச்சியில் விளைமீன். ஐஸ் உருகிச் சட்டையை நனைக்க, அது கடலில் விழுந்துவிட்டதாக நினைத்துத் தன் கடமையைச் செய்திருக்கிறது.

பஸ் முழுவதும் எழுந்து நின்று பார்த்தது. பின்னால் இருந்த ஒருவர் யாழ்ப்பாணத் தமிழில் கேட்டார்: "அக்கா, மீன் நீந்தப் பழகுதோ?"

யாரோ சிரித்தார்கள். ஆரணி என் மடிக்குள்ளேயே கிடந்து குலுங்கினாள். அழுகிறாளோ என்று பதறித் திருப்பினேன், சிரிப்பு. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். சாரதி முதல் கடைசி இருக்கைக் குழந்தைவரை எல்லோருடைய கண்ணும் அந்த மஞ்சளில்தான் இருந்தது. இப்படி அல்லவா தெரிய வேண்டும்!

சட்டைக்குப் புதுக் காற்றுக்குப்பி மாட்டினோம். புதன்கிழமை கென்னின் கொட்டகைக்கு நான் இரண்டு பெயின்ற் டின்னோடு போனேன். ஒன்று காவிச் சிவப்பு, மற்றது வெள்ளை. எங்கள் ஊர்க் கோயில் மதில்களின் நிறம். இருட்டு மழையிலும் தெரு முடக்கில் திரும்பும்போதே தெரியும் நிறம்.

"படகின் அடிக்குப் பூசப் போகிறேன். பட்டை பட்டையாக" என்றேன்.

மகள் தலையில் கை வைத்தாள். "அம்மா, இது தாரா பிடிக்கிற படகு. தெரியக் கூடாது. அதுதான் முழு விஷயமே."

"அடி தண்ணிக்குள்ளதானே இருக்கும்? எந்தத் தாரா சுழியோடி வந்து பாக்கும்? படகு நேரா நிண்டா ஒருத்தருக்கும் தெரியாது. கவிண்டா எல்லாருக்கும் தெரியும்."

"சங்கத்தில சிரிப்பினம்."

"சிரிக்கட்டும்."

தெரியாமல் இருப்பதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. யுத்த காலத்தில் கிளாலிக் கடல்நீரேரியை இருட்டில் படகில் கடந்தவள் நான். வெள்ளை உடுப்போடு வந்த பிள்ளைகளைக் கறுப்புத் துணியால் போர்த்தச் சொன்னார்கள். தெரிந்தால் சுடுவார்கள். தெரியாமல் இருந்ததால் உயிரோடு கரை சேர்ந்தேன். அந்தப் பழக்கத்தை இவ்வளவு காலமும் கழற்றாமல் உடுத்திக்கொண்டுதான் இருந்தேன்: சத்தமாகச் சிரிக்காதே, முன்னுக்கு நிற்காதே, கண்ணில் படாதே. பிள்ளைக்கும் அதையே ஊட்டினேன். இப்போது இந்தத் தண்ணீர் அதைத் திருப்பி என் முகத்தில் எறிந்திருக்கிறது. இதை அவளிடம் சொன்னேன். அவள் போய் நிறம் பிரிக்கும் ஒட்டு நாடாவை எடுத்து வந்தாள்.

கென் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "முன்பக்கம் ஒரு முழம் விட்டு அடியுங்கள். அலையில் மூக்குத் தூக்கும்போது பறவைக்குத் தெரியும்" என்றார். நியாயம். விட்டோம். முதல் பூச்சுக் காய்ந்த பிறகு, "என்ன இது, சர்க்கஸ் கூடாரமா?" என்றார்.

"கோயில் மதில்."

"எங்கள் தேவாலயம் முழுக்கச் சாம்பல் நிறம். அதுதான் யாரும் வருவதில்லை போல."

பெயின்ற் காயும் நாட்களில் ஆரணி ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் பாலத்தின் மேலால் போனாள். நடுவில் ஒருமுறை நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தி அவள் வேட்டைக்குப் போகவேண்டும் என்றேன். நான் கடலுக்கு அப்பால் இருக்கும்போது முதல் தடவை போகக்கூடாது. அந்த விடியற்காலைக்கு ரயில் இல்லை. ஹோர்ன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால் தம்பி, பாத்திரக் கடை வான் வண்டியோடு நிற்கிறான். "எனக்கு இதில விருப்பமில்லை. சும்மா ஏத்தி இறக்கத்தான் வந்தனான்" என்றான். பிளாஸ்கில் இஞ்சிப் பிளேன்டீ கொண்டு வந்திருந்தான்.

துவக்கு உறைக்குள் இருந்தது. நான் அதைப் பார்ப்பதில்லை. அவள் அதை எனக்குக் காட்டுவதில்லை. அது எங்களுக்குள் உள்ள உடன்பாடு. உயிர்காப்புச் சட்டையின் கொளுவிகளை நானே போட்டு இழுத்துப் பார்த்தேன். "அம்மா, மீன் மணக்குது" என்றாள். முகம் வெளுத்திருந்தது. சிநேகிதி முன்னால் குந்த, ஆரணி நீளக் கழியை ஊன்றினாள். படகு சேற்றை விட்டு வழுக்கித் தண்ணீருக்குள் போனது. வலையும் புல்லும் போர்த்திய அந்த மாட்டுத் தொட்டி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாணலுக்குள் கரைந்துபோயிற்று.

கடல் வராமல் கட்டிய மண் அணையில் நானும் தம்பியும் நின்றோம். சாம்பல் வானம், சாம்பல் தண்ணீர். தூரத்தில் விசிலடிப்பது போல வாத்துகள் கூப்பிட்டன. மன்னார்ப் பக்கம் மாரியில் வருவதும் இதே இனந்தான் என்று ஆரணி சொல்லியிருந்தாள்.

"அக்கா, தெரியுதே?"

"இல்லை."

"எனக்கெண்டால் பயமாக் கிடக்கு."

"எனக்குந்தான். நில்லு."

வெடி கேட்டது. உடனே இன்னொன்று. பக்கத்தில் தம்பியைக் காணவில்லை. அணைக்குப் பின்னால் தலையைப் பொத்திக் குந்திக்கொண்டிருந்தான். தேத்தண்ணி அவன் காற்சட்டையில் ஊற்றுண்டிருந்தது. "அக்கா, குனியுங்கோ!" என்றான், ஊரில் கத்தியது போலவே.

என் முழங்கால் மடங்கப் பார்த்தது. மடங்க விடவில்லை. மஞ்சள் சேலை உடுத்திக்கொண்டுதான் வந்திருந்தேன். அணையின் உச்சியில், அந்தக் கரை முழுவதற்கும் தெரியும்படி நிமிர்ந்து நின்று தண்ணீரை ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். சாம்பல், சாம்பல், சாம்பல். எங்கேயும் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.